வெள்ளை மூடி

அந்தத் தெருவில் அவளுக்கு மூடிக்காரி என்று பெயர். வைத்தது வேறு யாருமில்லை, மாடியில் குடியிருக்கும் நாத்தனார்தான். நாத்தனாருக்குத் தையல் தொழில். உதட்டில் எந்நேரமும் நாலு குண்டூசி இருக்கும். அந்த இடுக்கிலும் பேச்சு மட்டும் தங்குதடையில்லாமல் வரும். "என் தம்பி வீட்டுல சோறு இருக்குதோ இல்லையோ, எல்லாத்துக்கும் ஒரு மூடி இருக்கும்" என்று ஒருநாள் ரொட்டிக்கடை வாசலில் சொல்லிவிட்டாள். தெரு சும்மா இருக்குமா? பிடித்துக்கொண்டது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்? மூடி விஷயத்தில் கைதேர்ந்தவளாலேயே அது முடியவில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளக் கூடம். ஆள் உள்ளே நின்று குளிக்கலாம் போல ஏழு மெஷின்கள். காலை ஆறு மணிக்கு முதல் வண்டி படுக்கை விரிப்பு வந்து இறங்கும். பிரித்து, கறை பார்த்து, தேய்த்து, போட்டு, எடுத்து, நாலு முனை பிடித்து மடித்து நிமிர்வதற்குள் இரண்டாவது வண்டி வந்து நிற்கும். அந்தச் சூட்டில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கை எந்தப் பாட்டிலை எடுக்கிறது என்று கைக்கே தெரியாத நேரம் உண்டு. அதனால் அங்கே ஒரே சட்டம்: சிவப்பு மூடி என்றால் ப்ளீச், காரம், கறை எடுக்கிற திரவம், தொடக்கூடாது. வெள்ளை மூடி என்றால் தண்ணீர், தாராளமாகக் குடிக்கலாம். ஒன்பது வருஷமாக அந்தச் சட்டத்தில் ஒரு ஆளுக்குக்கூட ஒன்றும் ஆனதில்லை.

நல்ல சட்டத்தை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கும் கொண்டுவந்தாள். கழிவறை கழுவுகிற திரவத்துக்குச் சிவப்பு மூடி, குடிதண்ணீருக்கு வெள்ளை மூடி. அதோடு நின்றாளா? சட்டியின் கைப்பிடி அடுப்பின் உள்பக்கம் பார்த்துத்தான் திரும்பியிருக்க வேண்டும். மாத்திரை டப்பா அலமாரியின் மேல்தட்டில். வாளியில் மிச்சத் தண்ணீர் நிற்கக்கூடாது. ஈரத்தரையில் யாரும் நடக்கக்கூடாது. கியாஸை மூடினாயா என்று கேட்டால் "மூடிட்டேன்" என்று பதில் சொன்னால் போதாது, போய் மறுபடி பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

நாத்தனாரையும் விட்டுவைக்கவில்லை.

"அண்ணி, அந்த ஊசியை வாயில வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"முப்பது வருஷமா வைக்கிறேன். ஒண்ணுகூட உள்ள போனதில்ல."

"போறதுக்கு ஒண்ணு போதும் அண்ணி."

"போனா உன்கிட்டயே வர்றேன், ஒரு மூடி போட்டு அடைச்சு விடு."

இப்படித்தான் பொழுது போகும். ஆனால் இந்தச் சட்டதிட்டங்களை வரி பிசகாமல் கடைப்பிடித்த ஒரு ஜீவன் அந்த வீட்டில் உண்டு. அது அவளுடைய ஆறு வயது மகள். அத்தை அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படியை எட்டிப் பார்க்கும். "ஆன்ட்டி, கைப்பிடி வெளிய இருக்கு" என்று சொல்லும். ரொட்டிக்கடைக்காரரிடம் போய், கத்தியை ஏன் ஓரத்தில் வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் வெள்ளை மூடி போட்ட பாட்டிலைத்தான் எடுக்கும். அம்மாவுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. லாண்டரியில் எதிர்முனை பிடித்து மடிக்கிறவளிடம், "என் பொண்ணு வீட்டுல தனியா இருந்தாக்கூட எனக்குப் பயமில்ல. சிவப்பு மூடிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். எதிர்முனைக்காரி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தாள்.

புருஷன் பெயிண்டர். வண்டிகள் பழுது பார்க்கிற ஷெட்டில், முகமூடி மாட்டிக்கொண்டு கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அவனும் பொறுப்பில் அவளுக்குச் சளைத்தவன் இல்லை. கல்யாணமான புதிதில், "எங்க ஷெட்டுல மூடியில ஒரு ஒழுங்கு வெச்சிருக்கோம். கலரைப் பாத்தாலே எது தண்ணி, எது தின்னர்னு தெரிஞ்சிடும்" என்று சொன்னான். "எங்க லாண்டரியிலயும் அப்படித்தாங்க!" என்று இவள் பூரித்துப்போனாள். ஜாடிக்கேற்ற மூடி என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. எந்தக் கலர் என்று அவனும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. வீட்டில் அவனுக்குத் தண்ணீர் எப்போதும் தம்ளரில்தான் கைக்கு வரும், பாட்டில் பக்கம் அவன் போனதேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொன்னார்கள். முன்ஜன்னல் கம்பி துருவேறிக் கிடந்தது. மழைக்கு முன்னால் அடித்துவிட வேண்டும் என்று பெயிண்டர் எட்டு மணிக்கே உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டான். தேய்த்துத் தேய்த்துக் கையெல்லாம் செம்மண் நிறமானது. பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஷெட்டிலிருந்து ஒரு தகரக் கேனில் கொண்டுவந்திருந்தான். இத்தனை வருஷத்தில் வேலைச் சாமான் எதையும் அவன் வீட்டுக்குள் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. கேன் கனமாக இருந்ததால் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குப் போனான். கழுவி வைத்திருந்த பாட்டில் ஒன்று கிடைத்தது. அதில் சிவப்பு மூடி இருந்தது.

பெயிண்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தின்னருக்குச் சிவப்பு மூடியா? யாராவது குடித்துத் தொலைத்தால்? அவனுடைய ஷெட்டில் சிவப்பு மூடி என்றால் தண்ணீர். முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தண்ணீருக்குத்தான் அங்கே சிவப்பு. தின்னருக்கு வெள்ளை. நல்லவேளை கவனித்தோம் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு, அலமாரியைக் குடைந்து ஒரு வெள்ளை மூடியைத் தேடி எடுத்து இறுக்கமாகப் போட்டான். ஜன்னல் விளிம்பில் பாட்டிலை வைத்துவிட்டு, அரையங்குல பிரஷ் ஒன்று வாங்கிவரத் தெருமுனைக் கடைக்குப் போனான். என்ன சொல்ல? அக்கறையில்லாதவன் வீட்டில்தான் ஆபத்து வரும் என்று யார் சொன்னது? இவன் அக்கறையோடு மூடியை மாற்றிவிட்டல்லவா போனான்!

அவள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஊர்த் துணியெல்லாம் வெளுக்கிறவளுக்குச் சொந்தத் துணிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கும். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. அழுகை கேட்டிருந்தால் "என்னடி?" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்திருப்பாள். இது இழுத்து இழுத்து, மூச்சுக்குத் திணறுகிற இருமல். பிழிந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் ஜன்னலடியில் நின்றிருந்தாள். கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டுகிறது. சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்கிறது. கையில் பாட்டில். அறை முழுக்கத் தின்னர் வாடை.

"குடிச்சியா?"

பெண் தலையாட்டினாள்.

"எவ்வளவு? ஒரு வாயா, ரெண்டு வாயா?"

ஒரு விரலைக் காட்டினாள்.

அவள் உடனே வேலையில் இறங்கினாள். பாட்டிலைப் பிடுங்கி மூடினாள். பெண்ணின் சட்டையைக் கழற்றி வீசினாள். நெஞ்சையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். "கொப்பளிச்சுத் துப்பு. முழுங்காதே, துப்பு" என்று இரண்டு தடவை வாயைக் கழுவினாள். நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள். ஜன்னல் கதவெல்லாம் விரியத் திறந்தாள். பிறகுதான் கத்தினாள். அந்தக் கத்தல் தெருமுனைவரை கேட்டது.

முதலில் இறங்கி வந்தது நாத்தனார். ஒரு நிமிஷத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு அடுப்படிக்கு ஓடினாள். ஒரு கைப்பிடி உப்பைத் தம்ளரில் கொட்டிக் கலக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ரொட்டிக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் கையில் பிரஷ்ஷோடு பெயிண்டர்.

"வாயைத் திறடி தங்கம். இதைக் குடிச்சு எல்லாத்தையும் வாந்தி எடுத்துடு" என்றாள் நாத்தனார்.

"வேணாம் அண்ணி. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது."

"உனக்கென்ன பைத்தியமா? விஷம் வயித்துல கிடக்குது. வெளிய வர வேணாமா?"

"வரும்போது நுரையீரலுக்குப் போயிடும் அண்ணி. வயித்துல இருக்கிறதவிட அதுதான் மோசம்."

"ஒரு டம்ளர் பால் குடுத்தா முறிஞ்சிடும்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"எதுவும் குடுக்கக் கூடாதுண்ணே. நீங்க வண்டியை எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ரொட்டிக்கடைக்காரர் வண்டிச் சாவிக்கு ஓடினார். பெயிண்டருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா சொல்றதும் சரிதானே? வாந்தி எடுத்துட்டா வெளிய வந்துடும்ல?" என்று பெண்ணின் தாடையைப் பிடித்தான்.

"கையை எடுங்க!" அவள் அந்தக் குரலில் புருஷனிடம் அதுவரை பேசியதில்லை.

நாத்தனார் விடவில்லை. தம்ளரைப் பெண்ணின் உதட்டருகே கொண்டுபோனாள். பெற்றவள் தட்டிவிட்டாள். உப்புத் தண்ணீர் முழுவதும் நாத்தனாரின் புடவையில் கொட்டியது. தம்ளர் உருண்டு சுவரில் மோதியது.

"அடிப்பாவி! இந்தப் புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆகட்டும், நீதான் பொறுப்பு. இந்த வாசப்படியை அப்புறம் மிதிக்கவே மாட்டேன்."

"ஆமா அண்ணி. நான்தான் பொறுப்பு."

சொல்லிவிட்டாள். லாண்டரியில் கறை எடுக்கிற தொட்டிக்கு மேலே ஒரு பலகை தொங்கும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே, வாயைக் கழுவு, உட்கார வை, பாட்டிலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்று அதில் எழுதியிருக்கும். மெஷின் நிற்கக் காத்திருக்கும்போது பார்க்க வேறு எதுவும் இல்லாததால், ஒன்பது வருஷமாக அதைப் படித்துப் படித்து மனப்பாடம். ஒரு தடவை பயிற்சிக்கு வந்த அம்மாள் காரணமும் சொன்னாள்: உள்ளே போனது ஒரு தடவை சுட்டது, வாந்தியில் திரும்பி வந்தால் இன்னொரு தடவை சுடும், மூச்சுக் குழாய்க்குள் போனால் ஆளையே கொண்டுபோய்விடும். அது எல்லாவற்றுக்கும் பொருந்துமா, தின்னருக்கும் பொருந்துமா? சுற்றி நிற்பவர்கள் சொல்வது சரி, பலகை தப்பு என்று ஆகிவிட்டால்? பெற்ற பெண்ணை வைத்தா சோதித்துப் பார்ப்பது? அந்த எண்ணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டு, பாட்டிலைப் பையில் போட்டு, பெண்ணை நிமிர்ந்தபடியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ரொட்டி வாடை அடிக்கிற வண்டியில் பெயிண்டர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளை மூடி போட்டுத்தானே வெச்சேன்" என்றான். "நானே தேடி எடுத்துப் போட்டேனே."

"வெள்ளை மூடியா? ஏங்க போட்டீங்க?"

"தின்னருக்கு வெள்ளைதானே? சிவப்பு தண்ணிக்கு."

அவள் புருஷனைப் பார்த்தாள். புரிவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதாள். பெண் பயந்துவிடுவாளே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சிவப்பைத் தொடாதே, வெள்ளையைக் குடி என்று நாக்குத் தேயச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே! பெண் சொல்பேச்சுக் கேட்காமல் குடிக்கவில்லை. சொல்பேச்சுக் கேட்டுக் குடித்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பெண். வளவளவென்று பேசவில்லை. என்ன குடித்தாள், எவ்வளவு, எப்போது என்று கேட்டாள். பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"வாந்தி எடுத்தாளா?"

"இல்லைங்க."

"யாராவது எடுக்க வெச்சீங்களா? உப்புத் தண்ணி, விரலை விடுறது, அந்த மாதிரி?"

"இல்லைங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

டாக்டர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "நல்லது" என்றாள். அவ்வளவுதான். பெண்ணின் விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கிளிப் ஒன்றை மாட்டி, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். "கொஞ்சம் நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். இப்பவே தெரியாது. ஆறு மணி நேரம் பாக்கணும். நாலரைக்கு நெஞ்சுப் படம் எடுக்கலாம். அதுவரைக்கும் நான் சொல்லாம எதுவும் குடுக்காதீங்க."

ஆறு மணி நேரம் என்று சொல்லிவிட்டாள். அதைக் கழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளுக்குக் கால் வலித்ததோ என்னவோ, நகரவேயில்லை. கிளிப் மாட்டிய பெட்டியில் ஒரு எண் வந்து வந்து போனது. தொண்ணூற்றைந்து என்றால் அவள் மூச்சு விடுவாள், தொண்ணூற்று மூன்று என்றால் நிறுத்திக்கொள்வாள். பெயிண்டர் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான். ஒரு மணிக்கு டாக்டர் வந்தபோது, ஷெட்டு மூடி, லாண்டரி மூடி இரண்டின் கதையையும் சொல்லி, "இனிமே ரெண்டு பேரும் ஒரே கலரா வெச்சிக்கிறோங்க" என்றான்.

"மூடி என்ன கலரா இருந்தா என்னங்க?" டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிக்கிற பாட்டில்ல குடிக்கிற தண்ணியைத் தவிர வேற எதையுமே ஊத்தக் கூடாது. வாங்கினது எந்த டப்பாவோ, அந்த டப்பாவிலேயே, பூட்டுக்குள்ள. அதுவும் வேலை இடத்துச் சாமான் வீட்டுக்கே வரக் கூடாது."

இரண்டு பேரும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்கள். ஒன்பது வருஷப் பெருமை அந்த ஒரு பேச்சில் இறங்கிப்போனது. அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமில்லை.

மூன்று மணிக்கு நாத்தனார் பஸ் பிடித்து வந்தாள். மாற்றுச் சட்டை, அவித்த முட்டை, ரொட்டி எல்லாம் ஒரு பையில். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பெண்ணின் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. தம்பிதான் பக்கத்தில் போய் டாக்டர் கேட்டதையும் சொன்னதையும் மெதுவாகச் சொன்னான். அன்றைக்குத்தான் அவள் வாயில் ஊசியும் இல்லை, பேச்சும் இல்லை.

நாலரைக்குப் படம் எடுத்தார்கள். ஐந்தே காலுக்கு டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லோரும் படத்தைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தையே பார்த்தார்கள்.

"ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு. எண்ணும் தொண்ணூத்தெட்டுல நிக்குது. நாளைக் காலையில ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிடுவேன்." போகிற வாக்கில் நின்று, அவளைப் பார்த்துச் சொன்னாள். "உப்புத் தண்ணி குடுத்துக் கொண்டுவந்த புள்ளைங்களை நான் பாத்திருக்கேம்மா. நீங்க பிடிவாதமா நின்னீங்க பாருங்க, அது பெரிய விஷயம்."

பெயிண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் எழுந்துபோய் அவன் முதுகில் கை வைத்தாள்.

பெண் கூப்பிட்டாள். "அம்மா, நான் வெள்ளை மூடிதானே எடுத்தேன்?"

"ஆமாடி கண்ணு."

"அப்ப நான் தப்பு பண்ணலதானே?"

"நீ ஒரு தப்பும் பண்ணல. சொன்னதைக் கேட்டே. நாங்கதான் உனக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டோம்." கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "இனிமே மூடியைப் பாக்காதே. எதுவா இருந்தாலும் என்னையோ அப்பாவையோ கேட்டுட்டுக் குடி."

"அத்தையைக் கேக்கலாமா?"

கால்மாட்டில் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"அத்தையையும் கேளு" என்றாள் அவள்.

அதன் பிறகு அவளுக்கு உடம்பு தாங்கவில்லை. காலையிலிருந்து இழுத்துப் பிடித்திருந்ததெல்லாம் விட்டுப்போனது. பெண்ணின் பக்கத்தில் தலையை வைத்துக் கண்ணை மூடினாள். தூக்கம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் கைக்கட்டுப் போட்ட பையனுக்குத் துணையாக ஒரு அம்மாள் இருந்தாள். நாத்தனார் அவளிடம் பேசுவது காதில் விழுந்தது.

"எங்க இன்ஸ்பெக்டருக்கு இனி பயமில்லையாம். டாக்டரே சொல்லிட்டாங்க. எல்லாம் இவளாலதான். நான் உப்புத் தண்ணியோட போய் நிக்கிறேன், தட்டி விட்டுட்டா! என் புடவையெல்லாம் நனைஞ்சு போச்சு. எட்டுப் பேர் சுத்தி நின்னு கத்துறோம், இவ அசையலையே!"

"உங்க பொண்ணா?"

"தம்பி பொண்டாட்டி. எங்க வீட்டுப் பொண்ணுதான். நானா இருந்தா புள்ளையைக் கொன்னிருப்பேன், தெரியுமா? பாசத்துலயே கொன்னிருப்பேன்." குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி பேசத் தொடங்கினாள். "பொறுப்பு யாருன்னு கேட்டேன். நான்தான்னு சொன்னா பாருங்க. எவளுக்கு வரும் அந்தத் தைரியம்?"

"மூணு பேர்தான் இருந்தீங்க அண்ணி" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"நீ தூங்கு. எத்தனை பேர்னு எனக்குத் தெரியும்."

அவள் தூங்கவில்லை, ஆனால் கண்ணையும் திறக்கவில்லை. கதை அடுத்த கட்டிலுக்குப் போனபோது எட்டுப் பேர் பன்னிரண்டு பேராகியிருந்தார்கள். அவள் திருத்தவில்லை. இன்னொரு கட்டில் பாக்கி இருந்தது. அங்கேயும் அண்ணி போவாளா என்று காத்துக்கொண்டு படுத்திருந்தாள்.